கொழுப்பைக் குறைக்க உணவும் உடற்பயிற்சியும்: எது முதலில், எது பிறகு

எடை குறைக்கக் கிளம்புகிறவர்களில் பலர் முதல் நாளே அகலக்கால் வைத்துவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலை ஓட்டம், மதியம் பாதிச் சாப்பாடு, இரவு வெறும் வயிறு. வியாழக்கிழமைக்குள் கால் அசையாத வலி, கூடவே அகோரப் பசி. அடுத்த வாரம் எல்லாம் பழையபடி. இதில் மன உறுதிக் குறைவு என்று எதையும் நான் பார்க்கவில்லை. வரிசைதான் தப்பு.

கீழே உள்ள வரிசையில் சாப்பாட்டைக் குறைப்பது ஐந்தாவது வாரத்தில்தான் வருகிறது. கொழுப்பைக் குறைப்பதில் பெரும் பங்கு உணவுக்கு. குறையும்போது தசை கரையாமல் காப்பது எடைப் பயிற்சியும் புரதமும். காவல் போடாமல் குறைக்கத் தொடங்கினாலும் எடை இறங்கும், ஆனால் போனதில் தசையும் கணிசமாக இருக்கும். அதனால் காவல் முதலில், குறைப்பு கடைசியில்.

கலோரி என்று இங்கே சொல்வதெல்லாம் உணவுப் பொட்டலங்களில் கிலோகலோரி என்று அச்சிடுகிறார்களே, அதுதான்.

1. முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், ரத்த அழுத்த மருந்து எடுப்பவர்கள், இதயம் அல்லது சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசாமல் தொடங்கக் கூடாது. உணவு குறைந்தால் மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். பழைய அளவிலேயே மருந்து போனால் சர்க்கரையோ அழுத்தமோ சட்டென்று இறங்கித் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், சாப்பாட்டோடு மனப்போராட்டம் நடத்தி மீண்டவர்கள் (உண்ணுதல் கோளாறு இருந்தவர்கள்) இந்த வழிகாட்டியைப் பின்பற்ற வேண்டாம். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ வந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

எடை பார்க்கும் மெஷின், சமையலறைத் தராசு, துணி அளக்கும் டேப், ஒரு நோட்டு அல்லது கலோரி எழுதும் செயலி, பிடிமானம் உள்ள காலணி. நான்காவது வாரத்துக்கு ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை) அல்லது ஒரு ஜோடி டம்பெல். ஜிம் இப்போதைக்கு வேண்டாம்.

இவற்றில் சமையலறைத் தராசைத்தான் எல்லோரும் தவிர்க்கப் பார்க்கிறார்கள். "கண்ணளவு போதாதா?" என்பார்கள். போதாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. வாணலியில் கண்ணளவில் ஊற்றும்போது ஒரு கரண்டி மூன்று கரண்டி ஆவது யாருக்கும் தெரிவதில்லை. எண்ணெய்ப் பாட்டிலைத் தராசில் வைத்து, அது காட்டும் அளவைப் பூஜ்யமாக்குங்கள். ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். மைனஸில் 27 என்று காட்டினால் 27 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. பத்து விநாடி வேலை.

3. முதல் இரண்டு வாரம்: எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

வழக்கம்போலச் சாப்பிடுங்கள். ஆனால் வாயில் போனதை எல்லாம் எழுதுங்கள். ருசி பார்த்தது, பானத்தில் போட்ட சர்க்கரை, குழந்தை மிச்சம் வைத்ததை வழித்துச் சாப்பிட்டது, எல்லாம் கணக்கில் வர வேண்டும்.

தினமும் காலையில் கழிப்பறை போய் வந்தபின், எதுவும் குடிப்பதற்கு முன் எடை பாருங்கள். முதல் ஏழு நாள் சராசரியையும் அடுத்த ஏழு நாள் சராசரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், நீங்கள் எழுதிய தினசரிக் கலோரியின் சராசரிதான் உங்கள் சமநிலை அளவு. ஏறுமுகமோ இறங்குமுகமோ தெளிவாகத் தெரிந்தால் இன்னொரு வாரம் எழுதுங்கள்.

சூத்திரத்தில் போட்டால் இரண்டு நிமிடத்தில் வருமே, இதற்கு ஏன் இரண்டு வாரம் என்று கேட்பீர்கள். சூத்திரத்தையே போட்டுப் பார்ப்போம். 1990இல் வந்த மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரம் இது: கிலோ எடையை 10ஆல் பெருக்கி, சென்டிமீட்டர் உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பிறகு ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும்.

35 வயது, 160 செ.மீ., 72 கிலோ உள்ள பெண்ணுக்கு 1,384 வரும். உடல் ஓய்விலேயே செலவழிப்பது இவ்வளவு. இதை அன்றாட நடமாட்டத்துக்கு ஏற்ற எண்ணால் பெருக்க வேண்டும். நாற்காலி வேலை என்றால் 1.2, அதாவது 1,661. மிதமான உழைப்பு என்றால் 1.55, அதாவது 2,145. நடுவில் 484 கலோரி வித்தியாசம். வாரத்தில் மூன்று நாள் வியர்க்க நடப்பவர், மீதி நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் தன்னை இரண்டாவது ரகத்தில்தான் சேர்த்துக்கொள்வார். அந்த ஒரு தேர்விலேயே அவர் வெட்ட நினைத்த கலோரி மொத்தமும் காணாமல் போய்விடும்.

சொந்தக் குறிப்பில் இந்த ஆபத்து குறைவு. நீங்கள் எழுதியதிலும் விடுபட்டவை இருக்கும், இருக்கட்டும். அதே கை, அதே பழக்கத்தில் எழுதித்தான் பின்னால் குறைக்கப் போகிறீர்கள் என்பதால் பிழை இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். சூத்திரத்தை ஒரு சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி நடக்கும் பிழை, வேகவைத்த எடையை வேகாத பொருளின் கணக்கில் எழுதுவது. 100 கிராம் அரிசி சுமார் 360 கலோரி. வெந்த சாதம் 100 கிராம் 130தான், ஏனென்றால் மீதி எடை தண்ணீர். இதை மாற்றி எழுதினால் ஒரு வேளைக் கணக்கே இரண்டு மூன்று மடங்காகத் தப்பும்.

4. மூன்றாவது வாரம்: நடையும் புரதமும்

இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கலாம். இரண்டுமே எதையும் விடச் சொல்வதில்லை, சேர்க்கத்தான் சொல்கின்றன. அதனால் எதிர்ப்பு குறைவு.

நடையை, சாப்பிட்டபின் பத்து நிமிடம் என்று தொடங்குங்கள். சாப்பாட்டுக்குப் பின் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் அளவு குறைகிறது. நேரத்தைத் தனியாக ஒதுக்கவும் தேவையில்லை. வேகத்துக்கு ஒரு சோதனை: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் மெதுவாக நடக்கிறீர்கள். பேச்சே திக்கினால் அதிக வேகம்.

வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடத்தை எட்டும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. ஓட்டத்தை இப்போது தொடாதீர்கள். எடை கூடுதலாக இருக்கும்போது, பழக்கமில்லாத முட்டியும் கணுக்காலும்தான் முதலில் அடி வாங்கும்.

புரதத்துக்குக் கணக்கு: ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம். உடல் எடை மிக அதிகம் என்றால் இப்போதைய எடைக்குப் பதில் எட்ட நினைக்கும் எடையைக் கணக்கில் வையுங்கள். 65 கிலோ என்றால் 78 முதல் 104 கிராம் வரும். ஒரு பெரிய முட்டையில் சுமார் 6 கிராம். வெந்த பருப்பு 100 கிராமில் சுமார் 9. தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, வெந்தது 100 கிராமில் சுமார் 30. சைவர்களுக்குப் பருப்பு வகைகள், சோயா, பால் பொருட்கள்.

ஒரே வேளையில் அடைக்காமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். புரதம் பசியை நீண்ட நேரம் தள்ளிப்போடும். அதைச் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகும். பலரும் காலையில் வெறும் மாவுச்சத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இரவில் புரதத்தை ஈடுகட்டப் பார்க்கிறார்கள். பதினொரு மணிப் பசி அங்கேதான் பிறக்கிறது.

இந்த வாரத்திலேயே சிலருக்கு எடை லேசாக இறங்கத் தொடங்கும். இறங்குகிறதே என்று அடுத்த படிக்குத் தாவாதீர்கள்.

5. நான்காவது வாரம்: எடைப் பயிற்சி

கலோரியை வெட்டுவதற்கு முன்பே இதைத் தொடங்கக் காரணம் உண்டு. புதுப் பயிற்சியின் தசைவலி முதல் இரண்டு மூன்று முறைதான் கடுமையாக இருக்கும். அந்த வலியோடு பசியும் சேர்ந்தால்தான் ஆள் விட்டுவிடுகிறார். வயிறு நிறைந்திருக்கும் வாரத்திலேயே வலியைக் கடந்துவிடுங்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. ஐந்தே அசைவுகள்:

- நாற்காலி ஸ்குவாட்: உட்கார்ந்து எழுவது
- சுவர்த் தண்டால்: பழகியபின் மேசை விளிம்பில், பிறகு தரையில்
- இழுப்பு: பேண்டையோ டம்பெல்லையோ இடுப்பை நோக்கி இழுப்பது
- இடுப்பு மடிப்பு: முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது
- பிளாங்க்: குப்புற, முன்கை ஊன்றி உடம்பை நேராகத் தாங்குவது; முதலில் முட்டி ஊன்றி, 15 முதல் 20 விநாடி

பிளாங்க் தவிர மற்றவை ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு செட் (சுற்று). செட்டுக்கு நடுவே ஒன்றிரண்டு நிமிட ஓய்வு. இன்னும் இரண்டு மூன்று தடவை முடியும் என்ற நிலையில் நிறுத்த வேண்டும். துவண்டு விழும்வரை செய்வது தொடக்கத்தில் எந்தக் கூடுதல் லாபமும் தராது.

ஸ்குவாட்டைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். பாதங்கள் தோள் அகலத்தில், விரல்கள் லேசாக வெளிப்பக்கம் பார்க்கட்டும். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, மூன்று எண்ணும் நேரத்தில் இறங்குங்கள். முட்டி, கால்விரல் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். நாற்காலியைத் தொட்டவுடன் எழுந்துவிடுங்கள், சாய்ந்து உட்காராதீர்கள்.

புதிதாகச் செய்பவர்கள் கடைசி அரை சாணில் பிடியை விட்டுத் தொப்பென்று விழுவார்கள். அந்த அரை சாணிலும் தொடையும் புட்டமும் வேலை செய்ய வேண்டும். விழுகிறீர்கள் என்றால் நாற்காலி உங்களுக்குத் தாழ்வு. கெட்டியான தலையணை ஒன்றைப் போட்டு உயர்த்துங்கள். வாராவாரம் உயரத்தைக் குறைக்கலாம். எழும்போது முட்டிகள் உள்பக்கம் மடங்கினாலும் இதே மருந்துதான்.

இடுப்பு மடிப்புக்கு ஒரு நீளக் கம்பு போதும். முதுகோடு சேர்த்துப் பிடியுங்கள். பின்தலை, மேல்முதுகு, இடுப்புக்குக் கீழே உள்ள வால் எலும்பு, மூன்றிலும் கம்பு பட வேண்டும். குனியும்போது ஏதாவது ஓரிடத்தில் கம்பு விலகினால் முதுகு வளைகிறது என்று பொருள். கம்பு விலகாமல் குனிய வரும்வரை கையில் எடை வேண்டாம்.

எல்லா செட்டிலும் 12 தடவை சுலபமாக வந்தால் அடுத்த கடினத்துக்குப் போங்கள்: எடையைக் கூட்டுவது, பேண்டை இறுக்குவது, நாற்காலியைத் தாழ்த்துவது. இந்த ஏற்றம் இல்லாவிட்டால் தசைக்கு வேலை இல்லை. மாதக்கணக்காக ஒரே டம்பெல்லை ஆட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன். கைக்குப் பழகிவிட்ட எடை பயிற்சி ஆகாது.

பெண்களில் பலர், எடை தூக்கினால் உடம்பு முறுக்கேறிவிடும் என்று பயப்படுகிறார்கள். கலோரி குறைவாகச் சாப்பிடும் காலத்தில் இருக்கிற தசையைக் காப்பதே பெரிய காரியம். அந்தப் பயத்தை விடுங்கள்.

மூச்சை அடக்காதீர்கள், எழும்பும்போது ஊதுங்கள். தசையில் பரவலாக, ஓரிரு நாள் தாமதித்து வரும் வலி இயல்பு. மூட்டில் ஓரிடத்தில் சுருக்கென்று குத்தினால் அந்த அசைவை நிறுத்துங்கள்.

6. ஐந்தாவது வாரம்: இப்போது கலோரியைக் குறையுங்கள்

சமநிலை அளவிலிருந்து 15 முதல் 20 சதவீதம் கழியுங்கள். சமநிலை 1,900 என்றால் 1,520 முதல் 1,615 வரை வரும். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1,200க்கும் ஆண்கள் 1,500க்கும் கீழே போகக் கூடாது என்பது பொதுவான எல்லை. அதற்குக் கீழே போனால் தேவையான சத்துகளை உணவில் அடைப்பதே கஷ்டம். மிக வேகமாக எடை இறங்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதாகக் கணக்கு. தினம் 350 குறைத்தால் வாரத்துக்கு 2,450, அதாவது ஏறக்குறைய 300 கிராம் கொழுப்பு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மூன்று மாதம் ஓடினால் நான்கு கிலோ, அதுவும் தசை அல்லாமல் கொழுப்பு. உடல் எடை மிக அதிகம் உள்ளவர்களுக்கு இதைவிட வேகமாக இறங்கலாம். வாரத்துக்கு ஒரு கிலோவைத் தாண்ட வேண்டாம்.

எதில் கைவைப்பது? முதலில் குடிக்கும் கலோரியில்: சர்க்கரை போட்ட பானம், பழச்சாறு, மது. இவை வயிற்றை நிரப்புவதில்லை, விட்டாலும் பசி அதிகரிக்காது. அடுத்து எண்ணெய், பிறகு கொறிப்பது. தானியத்தில் கடைசியாகத்தான் கைவைக்க வேண்டும், ஆனால் எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு தானியம் என்று வந்தால் அளவு தானே சரியாகும்.

வார இறுதியைக் கவனியுங்கள். ஐந்து நாள் தலா 350 குறைத்தால் 1,750 மிச்சம். சனி, ஞாயிறு தலா 900 கூடுதலாகப் போனால் 1,800. ஐந்து நாள் சிரமப்பட்டும் கை வெறும் கைதான். விருந்து இருக்கிறதென்றால் போங்கள், சாப்பிடுங்கள், எழுதுங்கள். எழுதாமல் விடுவதுதான் கெடுக்கிறது.

7. உணவும் பயிற்சியும் முட்டிக்கொள்ளும் இடங்கள்

நடந்ததைத் தின்று தீர்ப்பது முதல் பிழை. 70 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 120 முதல் 150 கலோரி செலவாகும். மேலே சொன்ன ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்குச் சற்று மேலே, அவ்வளவுதான். கைக்கடிகாரம் 300 என்று காட்டினாலும் அதை நம்பிக் கூடுதலாகச் சாப்பிடாதீர்கள். கடிகாரங்கள் துடிப்பை ஓரளவு சரியாகச் சொல்லும், கலோரியில் நிறையத் தப்பும்.

இரண்டாவது பிழை, குறைத்த உணவோடு பயிற்சியையும் இரட்டிப்பாக்குவது. உடல் சோர்ந்து, மீதி நேரத்தில் நடமாட்டத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். லிஃப்ட் தேடுவீர்கள், எழுந்து எடுக்க வேண்டியதை யாரையாவது எடுத்துத் தரச் சொல்வீர்கள். பயிற்சியில் செலவழித்ததில் ஒரு பகுதி அங்கே திரும்பிவிடும்.

எடைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றில் போக வேண்டிய அவசியம் இல்லை. ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிட்டால் பயிற்சி நன்றாக வரும். நாள் முழுவதற்குமான மொத்தக் கணக்குத்தான் முக்கியம்.

வயிற்றுக்கான பயிற்சியால் வயிற்றுக் கொழுப்பு தனியாகக் கரையாது. வியர்வைப் பெல்ட்டும் வீண், வியர்வையில் போவது தண்ணீர்தான். கொழுப்பு எரிந்தால் அதன் பெரும்பகுதி கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது. 10 கிலோ கொழுப்பில் 8.4 கிலோ அப்படிப் போகும், மீதிதான் நீராகும்.

தூக்கத்தையும் பயிற்சியின் பகுதியாக எடுங்கள், குறைந்தது ஏழு மணி நேரம். 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அதே ஆட்கள் ஒரே உணவுக் கட்டுப்பாட்டில், ஒரு முறை இரவுக்கு 8.5 மணி நேரமும் மறுமுறை 5.5 மணி நேரமும் படுக்க வைக்கப்பட்டார்கள். எடை இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்தபோது கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. மீதி, தசை உள்ளிட்ட கொழுப்பு அல்லாத எடை.

8. எடை மெஷினைப் படிப்பது

ஒரே நாள் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. உடலில் சேமிக்கப்படும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் (தசையிலும் ஈரலிலும் சேரும் மாவுச்சத்து) சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். கலோரியைக் குறைத்த முதல் வாரம் ஒன்றரை கிலோ போனால், பெரும்பகுதி இந்தத் தண்ணீர். துள்ளிக் குதிக்க வேண்டாம். புதிதாக எடைப் பயிற்சி தொடங்கிய வாரம், உப்பு தூக்கலாகச் சாப்பிட்ட மறுநாள், மாதவிடாய்க்கு முந்திய நாட்கள், இவற்றில் எண் ஏறும். அதுவும் தண்ணீர்தான்.

வாரச் சராசரியை முந்திய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிடாய் உள்ளவர்கள் போன சுழற்சியின் அதே நாட்களோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடுப்புச் சுற்றளவு: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டு முடிக்கும்போது. வயிற்றை எக்கினால் ஏமாறுவது நீங்கள்தான்.

9. எடை நின்றுவிட்டால்

சராசரியும் இடுப்பளவும் சேர்ந்து மூன்று நான்கு வாரம் அசையாமல் இருந்தால்தான் நின்றது என்று கொள்ள வேண்டும். அப்போதும் உடனே சாப்பாட்டில் கைவைக்காதீர்கள். முதலில் ஒரு வாரம் தராசோடு எழுதுங்கள், பெரும்பாலும் எண்ணெயும் வார இறுதியும்தான் மாட்டும். அடுத்து, அன்றாட நடை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால், எடை குறைந்த உடலுக்குச் செலவும் குறைந்துவிட்டது என்று பொருள். தினம் 100 கலோரி குறையுங்கள், அல்லது 15 நிமிட நடையைக் கூட்டுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

10. இடைவேளையும் நிறுத்தமும்

பத்துப் பன்னிரண்டு வாரம் ஆனதும் ஒன்றிரண்டு வாரம் சமநிலை அளவுக்குத் திரும்புங்கள். பயிற்சி வழக்கம்போல நடக்கட்டும். மாதவிடாய் நிற்பது, முடி கொத்தாக உதிர்வது, எழுந்தால் தலைசுற்றுவது, தூக்கிக்கொண்டிருந்த எடையைத் தூக்க முடியாமல் போவது, நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைவாகவே இருப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் குறைப்பதை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

எட்ட நினைத்த எடை வந்தபின் ஒரேயடியாகப் பழைய அளவுக்குப் போகாதீர்கள். பழைய சமநிலை பழைய உடலுக்கானது. வாரத்துக்கு 100 முதல் 150 கலோரி கூட்டிக்கொண்டே போய், எடை நிலைக்கும் இடத்தில் நிறுத்துங்கள். எடைப் பயிற்சி வாரம் இரண்டு நாள் தொடரட்டும். தினமும் எழுதுவதை இனி விடலாம், ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது எடை பாருங்கள். நிலைத்த எடையைவிட இரண்டு கிலோ கூடி, மூன்று வாரமாக இறங்காமல் இருந்தால், மூன்றாவது படிக்குப் போய் மறுபடி நோட்டைத் திறங்கள்.